பதினேழு துண்டுக் குப்பை

"பொம்மைக்கு மயிர் சீவுற வேலை" என்றுதான் அம்மா ஊரிலிருந்து கேட்பவர்களிடம் என் உத்தியோகத்தை விளக்குவார். அது பொய்யும் இல்லை. தெற்கு லண்டனில், பொம்மையை இம்மி இம்மியாக அசைத்து ஒவ்வொரு அசைவையும் படமெடுத்து ஓட்டும் ஒரு சிறிய ஸ்டாப் மோஷன் கூடத்தில் பொம்மைப் பிரிவில் கடைநிலை ஆளாக இரண்டு வருடம் இருந்தேன். சென்னை நண்பன் ஒருவனிடம் இதே சொற்களில் சொன்னபோது அவன் சிரித்து முடிக்க நேரமெடுத்தது. எங்கள் யாழ்ப்பாணத்தில் மயிர் தலையில் வளர்வது. அவனூரில் வசவாக வாயிலும் வரும்.

சீவ வேண்டிய காரணம் இதுதான். ரோமத் துணி போர்த்திய பொம்மையை ஒவ்வொரு அசைவுக்கும் கையால் தொட வேண்டும். விரல் பட்ட இடத்தில் ரோமம் சாய்ந்துவிடும். படத்தை ஓட்டினால் பொம்மை சும்மா நிற்கும்போதும் உடம்பு முழுக்க ஏதோ ஊர்வதுபோல் தெரியும். 1933இல் வந்த கிங் காங்கின் ரோமம் சிலிர்த்துக்கொண்டே இருப்பது கோபத்தால் அல்ல, அசைத்தவரின் விரல்களால். அதனால் நாங்கள் பொம்மையைக் காதிலோ பாதத்திலோ கேமராவுக்குத் தெரியாத முதுகிலோ பிடித்து அசைத்துவிட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் ரோமத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவோம். பிறகு ஒரு படம். பிறகு மறுபடியும்.

அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலை ஆரம்பப் பள்ளிகளுக்கான மூன்று நிமிடப் படம். மனிதர்கள் பிக்னிக் வந்து போன காட்டை ஒரு முள்ளெலியும் வளை தோண்டி வாழும் ஒரு பேட்ஜரும் இரண்டு அணில்களும் சுத்தம் செய்கின்றன. இந்த நாட்டில் யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் அடுத்த நொடி வோம்பிள்கள் என்ற பழைய டிவி பொம்மைத் தொடரைச் சொல்வார்கள். இயக்குநரும் முதல் நாளே அதைத்தான் போட்டுக் காட்டினார்.

எனக்கு அது புதிதல்ல. நாங்கள் குடியிருந்த டூட்டிங்கில் ஒரு பழைய சாமான் கடையில் அம்மா ஐம்பது பென்ஸுக்கு வாங்கிவந்த வீடியோ கேசட்டில் பார்த்தது. விம்பில்டன் பொதுவெளியின் கீழே வளையில் வாழும், நீள மூக்கும் ரோமமும் உள்ள பிராணிகள். மனிதர்கள் வீசிவிட்டுப் போவதையெல்லாம் பொறுக்கி ஏதாவது உருப்படியாகச் செய்துகொள்வார்கள். எலிசபெத் பெரெஸ்ஃபோர்ட் முதல் புத்தகத்தை வெளியிட்டது 1968இல். அவருடைய சிறுமி மகள் விம்பில்டனை 'வோம்பிள்டன்' என்று சொன்னதில் பிறந்த பெயர். பிபிசியில் 1973இலிருந்து ஐந்தைந்து நிமிடமாக 60 பகுதிகள் வந்தன. இயக்கியவர் ஐவர் வுட். கிழவரிலிருந்து பொடியன்வரை அத்தனை பேருக்கும் குரல் பெர்னார்ட் கிரிபின்ஸ் என்ற ஒரே ஆள். பிராணிகள் தங்கள் பெயரை உலக வரைபடப் புத்தகத்தில் தேடி எடுத்துக்கொள்ளும்: ஒரினோகோ, டோம்ஸ்க், டோபர்மோரி. அந்த முறையில் எங்கள் முள்ளெலிக்கு ஊர்ப்பெயராக 'வல்லிபுரம்' என்று வைக்கலாமென்று சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை.

வேலைக்கு வந்த பிறகு பார்க்கையில் வேறு கணக்குகள் ஓடின. ஐந்து நிமிடம் என்றால் நொடிக்கு 25 வீதம் 7,500 ஃப்ரேம், அதாவது தனித்தனிப் படம். ஒரு நிலைக்கு இரண்டு ஃப்ரேம் எடுத்தாலும் 3,750 முறை பொம்மையைத் தொட வேண்டும். எங்களுக்குக் கணினியில் முந்தைய ஃப்ரேம் நிழலாகத் தெரியும், பிழைத்தோம். அவர்கள் ஃபிலிமில் எடுத்துவிட்டு, கழுவி வரும்வரை நம்பிக்கையோடு காத்திருந்தவர்கள்.

குப்பை செய்வது ரோமத்தைவிடக் கஷ்டம். வெறும் சிப்ஸ் பையை மிதமான சூட்டில் ஓவன் அடுப்புக்குள் வைத்தால் அப்படியே சுருங்கி, எழுத்து உட்பட, அணிலின் கைக்கு ஏற்ற பையாகிவிடும். செய்தித்தாளைச் சின்னதாக அச்சடித்து, நடுவில் அலுமினியத் தாள் வைத்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் மடித்த இடத்தில் நிற்கும். இப்படி 17 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் எண், இருக்கும் இடத்துக்குப் பென்சில் குறி.

இந்தக் குப்பை கிடக்கும் காட்சி ஒன்பது நொடி. இரண்டு நாளில் ஆறு நொடி முடித்திருந்தோம். மூன்றாம் நாள் காலை விளக்கைப் போட்டபோது மேசைமேல் அமைத்திருந்த காடு பளிச்சென்று இருந்தது. ஒரு துண்டுகூட இல்லை. முள்ளெலியின் தலையை யாரோ பாசமாகத் தடவியும் விட்டிருந்தார்கள்.

இரவில் கூட்ட வரும் அன்ரி. ஊர்க்காரர்தான், எங்கள் அம்மாவின் வயது. தயாரிப்பாளர் கொதித்துப்போய், அவரை அனுப்பும் கம்பெனிக்குப் புகார் எழுதப்போகிறேன் என்றார். அதற்குமுன் தமிழில் விசாரிக்க என்னைப் பிடித்தார். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஐயோ தம்பி, குப்பையெண்டெல்லோ நினைச்சன். இவ்வளவு பெரிய மேசையில ஒரு தட்டு வைச்சுத் தின்னத் தெரியாத பொடியளோ எண்டு பேசிக்கொண்டு கூட்டினன்."

எங்கள் அம்மா லண்டனுக்கு வந்த முதல் ஆறு வருடமும் விடியுமுன் அலுவலகங்கள் கூட்டியவர். தயாரிப்பாளரிடம் நான் இதைச் சொல்லவில்லை. 'தொடாதீர்கள்' என்ற அட்டை ஆங்கிலத்தில், அதுவும் கேமரா ஸ்டாண்டில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியதை மட்டும் காட்டினேன். இயக்குநர்தான் முதலில் சிரித்தார். "நம் படத்தின் கடைசிக் காட்சியை நமக்கு முன்பே ஒருவர் முடித்துவிட்டாரே" என்றார். புகார் போகவில்லை.

குப்பைப் பைகளைக் கவிழ்த்து, தேயிலைச் சக்கைக்குள்ளிருந்து 14 துண்டுகளைப் பொறுக்கினேன். மூன்றைப் புதிதாகச் செய்தோம். பழைய ஃப்ரேமோடு எதுவும் பொருந்தாததால் ஒன்பது நொடியையும் முதலிலிருந்து எடுத்தோம். எனக்கென்னவோ இரண்டாவது தடவை எடுத்ததுதான் நன்றாக இருந்தது. முள்ளெலி இன்னும் கொஞ்சம் அவசரப்படாமல் குனிந்தது.

அட்டையைத் தமிழிலும் எழுதி மேசை விளிம்பில் மாட்டினேன். அன்ரிக்கு அது போதவில்லை. அன்றிலிருந்து சந்தேகமான எதன்மேலும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார், வட்ட வட்டமான கையெழுத்தில்: "தம்பி, இது குப்பையோ?" மரப்பட்டைத் துண்டில், பஞ்சில், கம்பிச் சுருளில் எல்லாம் அந்தக் கேள்வி இருக்கும். காலையில் வந்ததும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதுவேன். ஒரு நாள் அது, மூன்று நாளாக நான் கழுவாமல் வைத்திருந்த தேநீர்க் கோப்பையில் ஒட்டியிருந்தது.