இதுவும் செடியிலிருந்து வந்ததுதான்

ராத்திரி இரண்டு மணிக்கு வலது கால் பெருவிரல் என்னை எழுப்பியது. போர்வை லேசாகப் பட்டதற்கே உயிர் போனது. காலையில் பார்த்தால் விரல் சிவந்து, பளபளவென்று வீங்கி, வேறு யாருடைய விரலோ போல இருந்தது. யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிகமாகப் படிந்திருக்கிறது, கௌட் என்றார் மருத்துவர். கோல்சிசின் எழுதினார்.

"கெமிக்கல் வேண்டாம் டாக்டர், மூலிகையாக ஏதாவது சொல்லுங்களேன்" என்றேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கோல்சிகம் என்ற கிழங்குச் செடியிலிருந்து வந்ததுதான் கோல்சிசின். இலையே இல்லாமல் தரையிலிருந்து நேராகப் பூக்குமே, அந்தச் செடி. செங்காந்தள் கிழங்கிலும் இருப்பது இதே நஞ்சுதான். 1820இல் பெல்லெத்தியே, கவென்தூ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்தார்கள். மலேரியா மருந்தான கொய்னாவைப் பிரித்தவர்களும் அவர்களே, அதே ஆண்டில்.

வலிக்குப் படிகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் வெள்ளணுக்கள் அதைக் கிருமியைப் போலவே நடத்துகின்றன. விழுங்கப் பார்க்கின்றன, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற செய்திப் புரதத்தைக் கொட்டி இன்னும் ஆட்களைக் கூப்பிடுகின்றன. ஊசி முனை அளவு சமாசாரத்துக்கு ஊரே திரண்டுவிடுகிறது. செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் கோத்துக்கொண்டு நுண்குழல்களாகிறது. செல் நகர்வதற்கு அவை வேண்டும். கோல்சிசின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு கோக்க விடுவதில்லை. வெள்ளணு வந்துசேரத் திணறுகிறது, வீக்கம் வடிகிறது. யூரிக் அமிலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், அதற்கு வேறு மருந்து.

செல் இரண்டாகப் பிரிவதற்கும் அதே நுண்குழல்கள்தான் வேண்டும். குடலின் உள்சுவர் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை, அதனால் கோல்சிசின் அவற்றையும் விடுவதில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டாம் முறை வலி வந்தபோது யாரையும் கேட்காமல் மணிக்கு ஒன்றாக விழுங்கினேன். விரல் அடங்கியதா என்று கவனிக்க நேரமே இல்லை, அன்று முழுக்கக் கழிவறையில்தான். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் மொத்தம் 1.8 மில்லிகிராம் கொடுத்ததும் ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் கொடுத்ததும் வலியைக் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைத்தன. வயிற்றுப்போக்கு மட்டும் குறைந்த அளவில் 23 சதவீதம், கூடிய அளவில் 77 சதவீதம். நான் எந்தக் கூட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் நண்பர் ஒருவர் மஞ்சளில் இருக்கும் குர்குமினை மாத்திரையாகக் கொடுத்தார், "இது இயற்கை" என்று. ஆய்வுக்கூடத் தட்டில் குர்குமின் அழற்சியை அடக்குவது உண்மைதான். ஆனால் விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது சொற்பம். அதனால் மிளகில் இருக்கும் பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். அந்தப் பைப்பரினோ, மற்ற மருந்துகளை உடல் கழித்துக்கட்டும் வேகத்தையும் மாற்றக்கூடியது. சரி, எனக்கு ஏற்கெனவே ஒரு செடி போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் தொண்டைத் தொற்றுக்காக வேறொரு மருத்துவரிடம் போனேன். கிளாரித்ரோமைசின் எழுதிக்கொண்டிருந்தார். "கோல்சிசின் தினமும் போடுகிறேன்" என்றேன். பேனா நின்றது. அந்த ஆன்டிபயாடிக் கோல்சிசினை உடலிலிருந்து வெளியேற விடாது, இரண்டையும் சேர்த்துப் போட்டு உயிரே போனவர்கள் உண்டு என்றார். அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தார்.