ஹெட்போனில் கேட்ட கீதா தத்

மும்பையில் ஒரு ஸ்டுடியோவில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். பழைய படங்களின் ஒலியைச் சுத்தம் செய்யும் வேலை. பழைய பிரிண்டில் படத்தை ஒட்டியே, ஓரமாக ஒரு நெளிகோடு ஓடும். அதுதான் ஒலி. அந்தக் கோட்டில் தூசி உட்கார்ந்தால் 'டிக்' என்று கேட்கும். கீறல் விழுந்தால் கரகரப்பு. பிரிண்ட் தேய்ந்து போயிருந்தால் மழை தூறுகிற மாதிரி ஓர் இரைச்சல் முழுக்க இருந்துகொண்டே இருக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் விரியும் ஒலியின் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். ஒரு ரீலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் இந்திப் பாடல்கள் கொஞ்சம் வந்தன. அதில் ஒன்று அந்தக் காலத்துப் பின்னணிப் பாடகி கீதா தத் பாடியது. இரைச்சல் மட்டும் இருக்கும் ஒரு துண்டை மென்பொருளுக்குக் காட்டினால், அதே போன்ற ஒலி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் குறைத்துவிடும். நான் கொஞ்சம் தாராளமாகவே குறைத்தேன். பாட்டு கண்ணாடி மாதிரி வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் பிரிவுத் தலைவர் வங்காளி, ஓய்வு பெறும் வயது. நாங்கள் தாதா என்று கூப்பிடுவோம். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூச்சு எங்கேம்மா போச்சு?" என்றார். எனக்குப் புரியவில்லை. மூலப் பிரதியைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு வரி தொடங்கும் முன்னும் அந்த அம்மா மூச்சு எடுப்பது கேட்டது. சில இடங்களில் வரி முடியும்போது குரல் கரைந்து வெறும் காற்றாகிவிடும். இரைச்சலும் மூச்சும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலி, மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. நான் இரண்டையும் சேர்த்தே துடைத்திருந்தேன்.

அன்று மாலையே முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூச்சு வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். ஒரு மனுஷியை இவ்வளவு அருகில் வைத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் அப்போதுதான்.

தேடிப் போனால் எல்லா இடத்திலும் அவர் குரு தத்தின் மனைவியாகத்தான் இருந்தார். கணவர் பெரிய இயக்குநர், இன்னொரு நடிகை வந்தார், குடும்பம் உடைந்தது, இருவரும் அற்பாயுளில் போய்விட்டார்கள். இந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் நானும் கணவரோடு ஒரே இடத்தில் வேலை பார்த்தவள். அவர் மாடியில் மிக்ஸிங் பிரிவில் இருந்தார், நான் கீழே. நான் சுத்தம் செய்து அனுப்பும் ஒலி அவர் மேஜைக்குத்தான் போகும். காலையில் வீட்டில் ஏற்பட்ட மனஸ்தாபம் பதினோரு மணிக்கு ஒரு திருத்தக் குறிப்பாக எனக்குத் திரும்பி வரும். அலுவலகத்தில் அவர் என் வேலையைக் குறை சொன்னால் ராத்திரி சாப்பாடு தொண்டையில் இறங்காது. அதனால் கீதாவின் கதையில் ஒரு பகுதி எனக்குச் சொல்லாமலே புரிந்தது.

1951-இல் கீதாவும் குரு தத்தும் சந்தித்தபோது யார் பெரிய ஆள் என்று பார்த்தால், சந்தேகமே இல்லை, கீதாதான். கிழக்கு வங்காளத்தின் ஃபரித்பூர் பக்கம் 1930-இல் பிறந்த கீதா ராய், 1946-இல் 'பக்த பிரஹலாத்' படத்தில் இரண்டே வரி பாடினார். அடுத்த வருடமே எஸ். டி. பர்மன் இசையில் 'தோ பாய்' படப் பாடல் நாடு முழுக்க ஒலித்தது. அப்போது அவருக்குப் பதினாறு வயது. குரு தத் அந்த நேரத்தில் புனேயின் பிரபாத் கம்பெனியில் உதவியாளராக இருந்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்தவர்.

அவருடைய பாதை வளைந்து வளைந்து வந்தது. 1925 ஜூலை 9 அன்று பெங்களூரில் பிறந்த வசந்த் குமார் சிவசங்கர் படுகோனே. வீட்டில் பேசியது கொங்கணி, வளர்ந்தது கல்கத்தாவின் பவானிபூர். அல்மோராவில் உதய சங்கரின் கலை மையத்தில் நடனம் படித்தார். மையம் மூடப்பட்ட பின் கல்கத்தாவில் ஒரு தொழிற்சாலையில் தொலைபேசி ஆபரேட்டராகக்கூட கொஞ்ச நாள் இருந்தார். பிரபாத்தில் தேவ் ஆனந்த் நண்பரானார். நீ படம் எடுத்தால் நான் நாயகன், நான் எடுத்தால் நீ இயக்குநர் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். தேவ் ஆனந்த் வாக்கைக் காப்பாற்றினார். அப்படி வந்ததுதான் 'பாஸி'.

அந்தப் படத்தின் பாடல் பதிவில்தான் புது இயக்குநரும் நட்சத்திரப் பாடகியும் சந்தித்தார்கள். சாஹிர் லூதியான்வி கஜலாக எழுதிக் கொடுத்ததை பர்மன் துள்ளும் கிளப் பாட்டாக மாற்றியிருந்தார். கீதா அதுவரை பெரும்பாலும் பஜனைக்கும் சோகத்துக்கும் பேர் போனவர். இந்தப் பாட்டில் வேறு ஓர் ஆளாக வந்தார். 1953 மே 26 அன்று திருமணம். அடுத்து 'ஆர் பார்', 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55' என்று குரு தத் எடுத்த படங்களின் துடிப்பில் பாதி அந்தக் குரலுடையது. அந்த வருடங்களின் பாட்டுகளைச் சுத்தம் செய்யும்போது சிரிப்பு குரலுக்குள்ளேயே கேட்கும். அதை யாரும் நடித்துக் கொண்டுவர முடியாது என்று நான் நம்புகிறேன்.

பின்னணிப் பாடல் எப்படி உருவாகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பாட்டு முதலில் பதிவாகிவிடும். அந்தக் காலத்தில் பாடுகிறவரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று ஒரே டேக்கில் முடிப்பார்கள். அப்புறம் படப்பிடிப்புத் தளத்தில் அதைப் பெரிய ஸ்பீக்கரில் ஓடவிட்டு நடிகையை வாயசைக்க வைப்பார்கள். ஒரு வரியை எடுக்கப் பத்துத் தடவை ஓட்ட வேண்டியிருக்கும். 1957-இல் வந்த 'பியாசா'வில் 'ஜானே கியா தூனே கஹீ' என்ற பாட்டு கீதா பாடியது, வாயசைத்தது வஹீதா ரஹ்மான். அதை எடுத்த நாட்களில் குரு தத்தின் காதில் நாளெல்லாம் மனைவியின் குரல் ஒலித்திருக்கும், கண் முன்னால் வேறொரு முகம் இருந்திருக்கும். அது தொழில்முறை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பாடிவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு, தன் குரல் அங்கே என்ன ஆகிறது என்று யோசிக்கும்போது எப்படி இருந்திருக்கும்?

வஹீதா செங்கல்பட்டில் பிறந்தவர். தெலுங்கில் 'ரோஜுலு மாராயி' படத்தில் ஆடிய ஒரு நடனத்தால் ஆந்திரா முழுக்கத் தெரிந்தவர். குரு தத் அவரைப் பம்பாய்க்கு அழைத்துவந்தபோது பதினெட்டு வயதுகூட ஆகியிருக்காது. அந்த வயதிலேயே தன் பெயரை மாற்ற மாட்டேன், எனக்குப் பிடிக்காத உடையை அணிய மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் நின்றவர். அவரையும் குரு தத்தையும் இணைத்துப் பத்திரிகைகள் எழுதியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் அதைப் பற்றி என்றும் பொதுவில் கடை விரித்ததில்லை. அந்த மௌனத்துக்கு நான் தரும் மரியாதை இது. ஒரு வீடு உடைந்ததற்கு, வேலைக்கு வந்த ஒரு பெண்ணை மட்டும் காரணம் காட்டிப் பேசுவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

குரு தத் கீதாவுக்கும் ஒரு படம் தர நினைத்தார். 'கௌரி' என்று பெயர், வங்காளத்தில் கீதாவே கதாநாயகி. சில நாள் படப்பிடிப்போடு நின்றுபோனது. தம்பதிக்குள் இருந்த பிணக்கும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிடும். வேறு ஓர் இயக்குநரோடு சண்டை என்றால் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வரலாம். இங்கே இயக்குநர்தானே வீட்டுக்காரர். திருமணத்துக்குப் பிறகு வெளிப் படங்களில் அவர் பாடுவது குறைந்துபோனதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கணவர் விரும்பவில்லை என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பாடகிக்குப் பதிவு இல்லாத நாள் என்பது வெறும் விடுமுறை இல்லை.

1959-இல் 'காகஸ் கே ஃபூல்' வந்தது. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். மனைவியைப் பிரிந்த ஓர் இயக்குநர், அவர் கண்டெடுத்த நடிகை, ஊர் வாய், வீழ்ச்சி. இந்தக் கதையை மனைவியின் குரலை வைத்தே எடுத்தார். 'வக்த் நே கியா' பாட்டு வந்த ரீல் ஒருநாள் என் மேஜைக்கு வந்தது. காலம் இரண்டு பேரை வேறு ஆட்களாக்கிவிட்டதைப் பாடும் பாட்டு, கைஃபி ஆஸ்மி எழுதியது. காலியான ஸ்டுடியோவில் மேலிருந்து ஒரு தூண் போல வெளிச்சம் விழும். ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தி கண்ணாடிகளை வைத்து வெயிலையே உள்ளே திருப்பிவிட்டார். அந்த வெளிச்சத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். வேலை செய்யும்போது நான் கவனித்தது இன்னொன்று. அந்தப் பாட்டில் யாரும் வாயசைப்பதில்லை. நாயகனும் நாயகியும் சும்மா நிற்கிறார்கள், குரல் மட்டும் வருகிறது. எந்த முகத்துக்கும் சொந்தமில்லாமல் அந்தக் குரல் அந்தக் கூடத்தில் தனியாகச் சுற்றுகிறது. கீதாவின் குரலை யாருக்கும் கொடுக்காமல் அப்படியே விட்டுவைத்தார் என்று எனக்குப் பட்டது. அவர் அப்படி நினைத்தாரோ இல்லையோ, நான் அப்படித்தான் கேட்டேன்.

அந்த ரீலை முடித்து மாடிக்கு அனுப்பிய நாள், என் கணவரும் நானும் மூன்று நாளாகப் பேசாமல் இருந்தோம். சாயங்காலம் அவர் கீழே இறங்கி வந்து, "இதுல நான் எதையும் தொடல, நீ விட்ட மாதிரியே போகட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று இருவரும் ஒன்றாக ரயில் ஏறினோம்.

படம் படுதோல்வி. அதன் பிறகு குரு தத் இயக்குநர் என்று எந்தப் படத்திலும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. 'சௌத்வீன் கா சாந்த்' பணத்தை மீட்டுக் கொடுத்தது. 1962-இல் 'சாஹிப் பீபி ஔர் குலாம்', இயக்கம் அப்ரார் அல்வி. இந்தப் படத்தில் வஹீதாவின் பாட்டுகளை ஆஷா போஸ்லே பாடினார். கீதாவின் குரல் மீனா குமாரிக்குப் போனது, அதாவது வீடு தங்காத கணவனுக்காகக் குடிக்கத் தொடங்கும் மனைவிக்கு. கணவனைப் போகவிடாமல் கெஞ்சும் அந்தப் பாட்டைப் பாடிய நாட்களில், கீதாவும் குடிக்கு அடிமையாகிக்கொண்டிருந்தார். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டைக் கேட்பது கஷ்டம். அதைச் சுத்தம் செய்ய எனக்கு வாய்க்கவில்லை. வந்திருந்தால் தாதாவிடமே கொடுத்திருப்பேன்.

1963-இல் பாலி ஹில்லில் இருந்த பங்களாவை குரு தத் இடித்துவிட்டார். கடைசி வருடங்களில் அடுத்தவர் படங்களில் நடிக்கப் போனார், அதில் சென்னைக்காரர்களின் படங்களும் உண்டு. 1964-இல் வந்த 'சுஹாகன்' நம்முடைய கே. எஸ். கோபாலகிருஷ்ணன் தன் 'சாரதா'வை இந்தியில் எடுத்தது. பிரிவுக்குப் பின் பெடர் ரோட்டில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தார். அக்டோபர் 9 இரவு, குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று கீதாவிடம் தொலைபேசியில் கேட்டதாகவும் வாக்குவாதம் ஆனதாகவும் சொல்வார்கள். மறுநாள் காலையில் அவர் உயிரோடு இல்லை. வயது 39. விபத்தா, அவரே எடுத்த முடிவா என்று இன்றும் பேசுகிறார்கள். வீட்டாரே ஒரே மாதிரி சொன்னதில்லை.

கீதாவுக்கு அப்போது 33 வயது. மூன்று குழந்தைகள், கடைசிக் குழந்தைக்கு இரண்டே வயது. கடனும் உடல் நலக்குறைவும் சேர்ந்து வந்தன. மேடைக் கச்சேரிகள் செய்தார். வங்காளத்தில் ஒரு படத்தில் நடித்தார். கதைகளில் இந்த எட்டு வருடத்துக்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை.

நான் அந்த ஸ்டுடியோவில் கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்று, 1971-இல் வந்த 'அனுபவ்' படப் பாட்டுகள். பாசு பட்டாச்சார்யா இயக்கம், கனு ராய் இசை. பத்திரிகை ஆசிரியரான கணவன் வேலையிலேயே மூழ்கிவிட, ஒரே வீட்டுக்குள் அந்நியராகிப் போன தம்பதியின் கதை. கீதா மூன்று பாட்டு பாடியிருக்கிறார். வாத்தியங்கள் ரொம்பக் குறைவு, குரல் நமக்கு மிக அருகில் இருக்கிறது. குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, மூச்சு முன்பைவிட அடிக்கடி எடுக்கிறார். ஆனால் சுருதி இம்மி பிசகவில்லை. அடுத்த வருடம் ஜூலை 20 அன்று, 41 வயதில் போய்விட்டார். கல்லீரல் நோய்.

'அனுபவ்' பாட்டுகள் என் மேஜைக்கு வருவதற்கு முன்பே தாதா ஓய்வு பெற்றிருந்தார். இரைச்சலை நீக்குவது பற்றிப் புதிதாக வந்த மேலாளர் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார், முடிந்த அளவு சுத்தமாக வேண்டும் என்று. நான் 'டிக்' சத்தங்களை மட்டும் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்தேன். வரிகளுக்கு நடுவில் இருந்த தூறலைத் தொடவில்லை. தொட்டால் மூச்சும் போயிருக்கும்.