சிப் போகவில்லை, டிரைவர்தான் இல்லை

சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறோம். பில் போட 2011-ல் வாங்கிய லேப்டாப், 2 ஜிபி ராம். பில் சாஃப்ட்வேரும் அந்தக் காலத்தது. விண்டோஸ் 7-ல்தான் ஓடும். அடிக்கடி ஹேங் ஆகிறதே என்று கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கொடுத்தேன். ஃபார்மட் செய்து மறுபடி விண்டோஸ் 7 ஏற்றிக் கொடுத்தார்கள்.

வீட்டில் வந்து போட்டால் நெட் இல்லை. வைஃபை அடையாளமே காணோம். நெட்டுக்கான லேன் ஒயரைச் செருகினாலும் சிவப்பு எக்ஸ்தான். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு வருகிறவர்கள் அப்படியே கன்று பார்க்கவும் வருவார்கள், நகர முடியாது. திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனேன். அரை நாள் போச்சு.

கடையில் இருந்த பையன் லேப்டாப்பைத் திறந்து ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "சார், பழைய மாடல். நெட்வொர்க் சிப் போயிடுச்சு. போர்டு மாத்தணும், இல்லேன்னா யுஎஸ்பி வைஃபை ஒண்ணு வாங்கிக்கோங்க" என்றான். "ஃபார்மட் பண்றதுக்கு முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தானே தம்பி ஓடுச்சு?" என்று கேட்டேன். "அதெல்லாம் திடீர்னு போகும் சார்." லேப்டாப்பில் உள்ள கருவிகளை விண்டோஸ் பட்டியலாகக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். இன்னமும் ஆறவில்லை எனக்கு.

ராத்திரி ஓசூரில் இருக்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். அவன் முதலில் கேட்டது: "மாமா, லேன் ஒயரைச் செருகிட்டு அந்த ஓட்டை பக்கத்துல லைட் எரியுதான்னு பாருங்க." குனிந்து பார்த்தேன். குட்டியாய்ப் பச்சை லைட், விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. "அப்ப சிப் உசுரோடதான் இருக்கு. டிரைவர் போடாம குடுத்திருக்காங்க." டிரைவர் என்றால் சிப்பை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன சாஃப்ட்வேர்.

டிவைஸ் மேனேஜரில் 'அதர் டிவைசஸ்' என்பதற்குக் கீழே இரண்டு மஞ்சள் குறி: ஈதர்நெட் கண்ட்ரோலர், நெட்வொர்க் கண்ட்ரோலர். முதலாவது லேன், இரண்டாவது வைஃபை. ஒவ்வொன்றின் ப்ராப்பர்ட்டீஸிலும் டீடெய்ல்ஸ், அதில் 'ஹார்ட்வேர் ஐடீஸ்' எடுத்தால் நீளமாக ஒரு வரி. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாய்ப் படித்துச் சொன்னேன். அதில் 'வென்' என்பதற்குப் பின்னால் வருவது சிப் செய்த கம்பெனி, 'டெவ்' என்பதற்குப் பின்னால் வருவது சிப்பின் மாடல். லேனுக்கு 10இசி, 8136. அதாவது ரியல்டெக் கம்பெனி, 10/100 எம்பிபிஎஸ் வேகம். வைஃபைக்கு 1814, 5390, அது ராலிங்க். அந்தக் கம்பெனியை 2011-லேயே மீடியாடெக் வாங்கிவிட்டதால் ராலிங்க் என்று மட்டும் தேடினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும், இரண்டு பெயரிலும் தேடுங்கள். லேப்டாப்புக்கு அடியில் ஒட்டியிருந்த மாடல் ஸ்டிக்கர் தேய்ந்தே போயிருந்தது. இந்த எண்கள் இல்லையென்றால் நான் எங்கே போய்த் தேடியிருப்பேன்?

இங்கே ஒரு எச்சரிக்கை. போனில் தேடும்போது முதலில் வந்த ஒரு தளத்தில் பெரிய பச்சை டவுன்லோட் பட்டனை அமுக்கினேன். இறங்கியது டிரைவர் இல்லை, 'டிரைவர் அப்டேட்டர்'. பென்டிரைவில் ஏற்றி ஓட்டிப் பார்த்தால் ஏகப்பட்ட டிரைவர் பழசு என்று பயமுறுத்திவிட்டுப் பணம் கேட்டது. உடனே அழித்தேன். லேப்டாப் கம்பெனி, இல்லாவிட்டால் சிப் கம்பெனி, இந்த இரண்டு இடத்தை விட்டு வேறெங்கும் எடுக்காதீர்கள்.

அடுத்த தடங்கல் 64 பிட். விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை, டிரைவரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். நான் இறக்கியது அது, கடையில் ஏற்றியிருந்தது 32 பிட். செட்டப் திறக்கவே மாட்டேன் என்றது. கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'சிஸ்டம் டைப்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை முதலில் பார்த்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம்.

32 பிட் டிரைவரைப் போட்டதும் லேன் வந்துவிட்டது. சிவப்பு எக்ஸ் மறைந்த அந்த நொடியில் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வைஃபைக்குச் செட்டப் வேலை செய்யவில்லை. ஜிப்பை விரித்து, 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, டிரைவர் விவரம் உள்ள ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைக் கையால் காட்டியதும் ஏற்றுக்கொண்டது.

லேனும் வராதவர்கள் ஆண்ட்ராய்டு போனை ஒயரில் மாட்டி, போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 7 தானாகக் கண்டுபிடிக்காவிட்டால், நெட்வொர்க் அடாப்டர்ஸ் லிஸ்டில் மைக்ரோசாஃப்ட் பெயரின் கீழ் 'ரிமோட் என்டிஐஎஸ் கம்பேட்டிபிள் டிவைஸ்' என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் முன் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர் ஸ்டோர் என்று உள்ளே போய் 'ஃபைல் ரெப்பாசிட்டரி' ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பழைய டிரைவர் எல்லாம் அதில்தான் இருக்கும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அதனால் பேங்க் வேலை எதையும் இந்த லேப்டாப்பில் நான் செய்வதில்லை. பில்லை மெயிலில் அனுப்ப மட்டும்தான் நெட்.

மறுநாள் காலை தர்மபுரிக்காரர் ஒருவருக்கு 200 கன்றுக்கான பில் அதிலிருந்தே போனது. இரண்டு டிரைவரும் உள்ள பென்டிரைவை லேப்டாப் பையின் ஜிப்பிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.