பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழும் ஒரு சுவீடன் பயணமும்

2025 ஜூலையில் என் மகள் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் கோத்தியா கோப்பை என்ற சிறுவர் சிறுமியர் கால்பந்துப் போட்டியில் ஆடிவிட்டு வந்தாள். ஆட்டத்தைப் பற்றி அவளே சொல்லிக்கொள்ளட்டும். அவளை விமானம் ஏற்றுவதற்குள் நான் பட்ட பாட்டை எழுத வந்தேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கம் பிள்ளைகளைக் கால்பந்துக்கு அனுப்புகிறவர்கள் படித்த கையோடு பீரோவைத் திறந்து பாருங்கள்.

2024 டிசம்பரில் அவளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் மாஸ்டர் வீடு தேடி வந்தார். சென்னையில் ஒரு அகாடமி அனுப்பும் 15 வயதுப் பெண்கள் அணியில் இவளுக்கும் இடம் கிடைத்திருக்கிறது, உடனே பாஸ்போர்ட் எடுங்கள் என்றார். பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா, பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறதே?"

பிறந்த தேதி, என் பெயர், அவள் அப்பா பெயர் எல்லாம் இருந்தன. குழந்தையின் பெயருக்கு நேராக ஒரு சிறு கோடு. தலைப்பிரசவம் என்பதால் தாய் வீட்டில் இருந்தேன். மருத்துவமனையிலிருந்து பதிவு போனபோது பெயர் வைக்கவில்லை. பிறகு நாம்தான் போய்ச் சேர்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பள்ளியிலும் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கோட்டை லேமினேட் செய்து பதினான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன்.

பிறப்பு பதிவாகி ஓராண்டுக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். 15 தாண்டிவிட்டால் சேர்க்க முடியாது. இவள் பிறந்தது 2010 பிப்ரவரி. கையில் இருந்தது இரண்டே மாதம்.

பதிவு நடந்த ஊர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள் அல்லவா, அதுதான் என்னை அலைய வைத்தது. அங்கிருந்த எழுத்தர் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "இதில் வேலூர் மாவட்டம் என்று போட்டிருக்கிறது, வேலூரில் கேளுங்கள்" என்றார். வேலூருக்குப் போனால், எங்கே பதிவானதோ அங்கேதான் சேர்க்க வேண்டும் என்றார்கள். மறுபடி பஸ் பிடித்து அந்த எழுத்தரிடமே வந்தேன். பொங்கல் கழித்து வரச் சொன்னார். பொங்கல் கழித்துப் போனேன். "அப்பா கையெழுத்து எங்கே?" என்றார். முதல் நாளே சொல்லியிருந்தால் தறியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரரும் வந்திருப்பார்! அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

நான்காவது முறை இருவருமாகப் போனோம். பள்ளிச் சான்று, இருவர் ஆதார், அசலும் நகலும். இருக்கையில் வேறொரு அம்மா இருந்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தட்டச்சு செய்ததும் திரையைத் திருப்பி, "எழுத்து சரியா பாருங்கள்" என்று காட்டினார். அந்த ஒரு செயலுக்காக அவரை மறக்க மாட்டேன். நீங்கள் கேட்டாவது பாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் பாஸ்போர்ட்டில் தொங்கல் விழும். இனிஷியலையும் விரித்து எழுதச் சொல்வார்கள். ஆதாரிலும் பள்ளியிலும் அதே மாதிரி இருக்கட்டும்.

பாஸ்போர்ட் சிக்கலில்லாமல் வந்தது. விசாவுக்குக் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை போனோம். 12 வயது ஆகிவிட்டால் கைரேகை வைக்கப் பிள்ளை நேரில் போக வேண்டும். பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதமும் 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். டிக்கெட்டுக்கு என் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின.

ஜூலை 10 பயணம். 5ஆம் தேதி வரை விசா வரவில்லை. அன்று மாலை தாய்லாந்தை 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து அங்கே போவது அதுதான் முதல் முறை. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் அடித்தது. என் மகள் போனைப் பிடித்துக்கொண்டு கூத்தாடினாள், பிறகு அமைதியாக, "அம்மா, நான் போவேனா?" என்றாள். திங்கட்கிழமை கூரியர் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். கோத்தியா 1975 முதல் நடக்கும் பெரிய போட்டி. பஞ்சாபின் மினர்வா அகாடமி 2023இல் 13 வயதுப் பிரிவில் வென்றிருக்கிறது. ஆனால் அது கிளப் அணிகளுக்கானது. அங்கே ஆடினால் இந்திய அணியில் இடம் என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். மாவட்டம், மாநிலம், தேசிய சப்-ஜூனியர், பிறகு பயிற்சி முகாம் என்று ஏறித்தான் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் வயதுச் சான்று கேட்பார்கள். வயது மோசடி அவ்வளவு நடந்திருக்கிறது. 17 வயதுக்குட்பட்ட ஆண்கள் உலகக் கோப்பையில் ஃபிஃபா 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தே வயதைச் சரிபார்க்கிறது. இவள் ஆடிய பிரிவும் 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு மட்டும். இரண்டு மாதம் முன்னால் பிறந்திருந்தால் அவளுக்கு இடமில்லை.

அவள் ஒரு வகுப்பறைத் தரையில் மெத்தை போட்டுத் தூங்கி, ஒரு கோல் அடித்துத் திரும்பினாள்.

போன சனிக்கிழமை மாஸ்டரிடம் சொல்லி, மைதானத்துக்கு வரும் சிறுமிகளைச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னேன். ஐந்து பேர் கொண்டுவந்தார்கள். இரண்டில் பெயர் இல்லை. திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு அவர்கள் அம்மாக்களோடு நானும் போகிறேன்.