ஊட்டிக்குக் குக்கரோடு போகிற குடும்பம்

ரூம் போடும்போது எல்லோரும் வெந்நீர் வருமா, கார் நிறுத்த இடம் இருக்கா என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, "அடுப்பு இருக்குங்களா?" என்றுதான். இருக்கிறது என்றால் மற்றதைப் பேசுவேன். சீசனில் ஊட்டியில் சமையலறையோடு சின்ன வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். சாதாரண லாட்ஜ் அறையைவிட வாடகை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அந்தக் கூடுதலை இரண்டு இரவுச் சாப்பாட்டில் எடுத்துவிடலாம்.

என் கணக்கு ரொம்பச் சுருக்கம். மத்தியானம் ஓட்டல், காலையும் ராத்திரியும் வீடு. மூன்று வேளையும் சமைத்தால் அது எனக்குச் சுற்றுலாவே இல்லை, ஈரோட்டு அடுப்பை விட்டு ஊட்டி அடுப்புக்கு மாற்றல் வாங்கிப் போனதாகத்தான் ஆகும். மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் பணமும் போகும், பிள்ளைகள் வயிறும் போகும். அதனால் எந்த வேளையை விலைக்கு வாங்குவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

ஏன் ராத்திரியை வாங்கக் கூடாது? மே மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்கு சேரிங் கிராஸ் பக்கம் ஏதாவது ஓட்டலுக்குப் போய்ப் பாருங்கள். எழுந்திருக்கப் போகிறவர் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்க வேண்டும். குளிர் வேறு. இடம் கிடைக்கும்போது சின்னவன் தோளில் தூங்கியிருப்பான், பெரியவளுக்குப் பசி போய் அழுகை வந்திருக்கும். அந்த நேரத்தில் பட்டர் நான், பனீர், ஃப்ரைடு ரைஸ் என்று ஆளுக்கொன்று சொல்லி, பாதியைத் தட்டில் வைத்துவிட்டு, ஆயிரத்துக்குக் குறையாத பில்லைக் கட்டிவிட்டு வருவோம். மத்தியானம் அப்படி இல்லை. பன்னிரண்டரைக்குள் போய் உட்கார்ந்தால் கூட்டம் குறைவு, சாப்பாடு சூடு, பிள்ளைகளும் விழித்திருப்பார்கள். பெரியவர்களுக்கு மீல்ஸ், பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரு பார்சல் சாப்பாடு. பார்சலில் சாதம் எப்போதும் தாராளமாக இருக்கும். ஓட்டலிலேயே பிரித்துச் சாப்பிட விடமாட்டார்கள், அதனால் காரில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுவார் இவர். நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டு வந்தபிறகு அவர் போவார்.

ராத்திரிக்கு எங்கள் கொங்குநாட்டுச் சமையல் ஒன்று கைவசம் இருக்கிறது: அரிசியும் பருப்பும் சாதம். ஒரே குக்கர், ஒரே கரண்டி, தொட்டுக்கொள்ள அப்பளமோ ஊறுகாயோ போதும். இதற்கான வேலையை ஈரோட்டிலேயே முடித்துவிடுவேன். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு என்று அளந்து, ஒரு வேளைக்கு ஒரு துணிப்பை. சீரகம், மிளகு, வரமிளகாய், கொஞ்சம் சாம்பார் பொடி, மஞ்சள் எல்லாம் சேர்த்துச் சின்னப் பொட்டலமாக மடித்து அந்தப் பைக்குள்ளேயே போட்டுவிடுவேன். சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து ஒரு டப்பா. அங்கே போய் நெய்யில் தாளித்து, வெங்காயம் வதக்கி, ஊறிய அரிசி பருப்பைக் கொட்டி மூடினால் வேலை தீர்ந்தது. அது வேகிற நேரத்துக்குள் பிள்ளைகளுக்கு முகம் கழுவி ஸ்வெட்டர் மாற்றிவிடலாம்.

குக்கர்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை போகாது, 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டுக் காத்திருந்தால், அது வேகிற வழியைக் காணோம். மூடிய குக்கரில் அழுத்தம் ஏறுவதால் இந்தத் தொல்லை இல்லை. அரிசி பருப்பை அரை மணி ஊறவைத்து, வீட்டில் வைப்பதைவிட ஒரு விசில் கூட வைத்தால் குழைவாக வந்துவிடும். மூன்று லிட்டர் குக்கர் போதும், உள்ளே நெய் பாட்டிலையும் பொடி டப்பாக்களையும் அடுக்கிக்கொண்டால் பையில் தனி இடமும் கேட்காது.

அடுப்பில்லாத அறைதான் கிடைத்தது என்றால் கெட்டில். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது, அறையில் பிளக் போட்டுச் சமைக்கக் கூடாது என்கிற லாட்ஜ்கள் நிறைய. வெந்நீர் மட்டும் போதும் என்கிற சாமான்கள் இருக்கவே இருக்கின்றன. பாக்கெட் சேவையை வெந்நீரில் போட்டு வடித்து, வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சைத் தாளிப்பைக் கலந்தால் டிபன். அவலில் வெல்லமும் வாழைப்பழமும். ரயிலில் போகிறவர்கள் மட்டும் இந்தக் கெட்டிலை வண்டியில் எடுக்க வேண்டாம், அந்த பிளக் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும்தான். கேஸ் அடுப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் செத்துப்போனார்களே, அதை நினைத்தாலே போதும்.

காலைக்கு இட்லி தோசை ஆசையை விட்டுவிட வேண்டும். அந்தக் குளிரில் மாவு புளிக்காது. வறுத்துத் தாளித்த ரவையை டப்பாவில் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் உப்புமா. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் உப்புமா என்றால் முகம் சுளிக்கிறவர்கள்தான். ஆனால் மார்க்கெட்டில் வாங்கின பச்சைப் பட்டாணியும் கேரட்டும் போட்டுவிட்டால் கிச்சடி என்று பெயர் மாற்றிச் சாப்பிட்டுவிடுவார்கள். கேரட்டைப் பச்சையாகவே கடிக்கலாம், மண் போகக் கழுவித்தான் விற்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் அதைக் கையில் கொடுத்துவிடுவேன்.

குளிர் இட்லி மாவுக்கு எதிரி என்றாலும் தயிர்சாதத்துக்கு நண்பன். காலையில் சாதத்தைச் சூட்டோடு குழைத்து, பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுத் தூக்கில் எடுத்துக்கொண்டால் நம் ஊரில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். அங்கே சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். நடுவில் யாருக்குப் பசித்தாலும் இரண்டு வாய். அத்தைக்கு இது இருந்தால் ஓட்டலே வேண்டாம்.

வழிச் சாப்பாட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். "கண்ணு, தேங்காய் மட்டும் எதிலயும் போட்டுடாதே" என்று முதல் நாளே சொல்லிவிடுவார். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி, வாழையிலையில் அடுக்கிக் கட்டுவார். புளிக்காய்ச்சல் தனி பாட்டிலில். சாதத்தோடு கலப்பதாக இருந்தால் சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, ஆவி முழுக்கப் போன பிறகுதான் கட்டவிடுவார். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கெட்டுவிடும். இட்லியை நாங்கள் அன்னூர் பக்கமே நிறுத்திச் சாப்பிட்டுவிடுவோம். மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை ஆரம்பம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஏறினால் சின்னவன் குன்னூருக்கு முன்பே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவான். காலி வயிறும் குமட்டும். பிள்ளைக்கு இரண்டு இட்லி, ஒரு மணி நேர இடைவெளி, அப்புறம் மலை.

ஊட்டிக்கு வண்டியில் போக இ-பாஸ் எடுப்பதை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக்கைத்தான் மறந்துவிடுவார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், தட்டு, கப் எதற்கும் அனுமதி இல்லை, சோதனைச் சாவடியில் பார்த்தால் எடுத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலும் தட்டும் கொண்டுபோய்விடுங்கள். சாலையோரத்தில் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது, சில்லறை போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். பாட்டில் தண்ணீர்ச் செலவும் மிச்சம்.

மிச்சம் இருப்பது வழியெல்லாம் கண்ணில் படுகிற கடைகள். மக்காச்சோளம், மிளகாய் பஜ்ஜி, பஞ்சு மிட்டாய், சாக்லேட். எல்லாவற்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனால் நமக்கே வெறுத்துவிடும். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒன்று, எது என்பது அவரவர் இஷ்டம் என்று வைத்திருக்கிறேன். சின்னவன் காலை பத்து மணிக்கே பஞ்சு மிட்டாயில் தீர்த்துவிட்டு, அக்கா வாங்குவதில் பங்கு கேட்பான். பெரியவள் சாயங்காலம் வரை தள்ளிப்போட்டு, ஒவ்வொரு கடையிலும் விலை விசாரித்து, கடைசியில் சோளம் வாங்குவாள். சாயங்கால டீக்கு வர்க்கி, அதாவது அடுக்கடுக்கான ஊட்டி பிஸ்கட், வாங்குவது இந்தக் கணக்கில் வராது. அது என்னுடைய செலவு. டீயில் முக்கினால் மேல் அடுக்கு மட்டும் ஊறி உள்ளே மொறுமொறுப்பு இருக்க வேண்டும், அதற்கு அன்றைக்குச் சுட்டதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இறங்குகிற நாளுக்குப் புளிக்காய்ச்சலில் பாதியை எடுத்துவைத்துவிடுங்கள். சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். நெரிசலில் மாட்டினால் எங்கே, எவ்வளவு நேரம் நிற்போம் என்று சொல்ல முடியாது. காலையில் வடித்த சாதத்தில் கலந்து தூக்கில் போட்டு, டிக்கியில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற இடத்தில் டிக்கியைத் திறந்தால் குரங்கு வரும்.