விடுதலைக்கு நஷ்டஈடு

காலையில் காப்பிக்குச் சர்க்கரை போடும்போது கரீபியன் நாடான ஹெய்ட்டி நினைவுக்கு வந்துவிட்டது. நேற்றிரவு கண்விழித்துப் படித்ததன் விளைவு.

பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் பெயர் சான் டொமாங், பிரான்சின் காலனி. ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போனது, சர்க்கரையும் ஏராளம். தோட்டங்களில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் அடிமைகள். செத்து விழ விழ, முதலாளிகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பல்களில் புதிதாக வாங்கிக்கொண்டார்கள்.

1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியனின் படையையும் தோற்கடித்து, 1804இல் விடுதலையை அறிவித்தார்கள். இதுவரை எனக்கும் தெரியும்.

1825இல் பிரெஞ்சு அரசர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பினார். 15 கோடி பிராங்க் கொடுத்தால்தான் உங்களைத் தனிநாடாக ஏற்போம் என்றார். எதற்காம்? சொத்தை இழந்த தோட்ட முதலாளிகளுக்கு நஷ்டஈடு! அந்தச் சொத்துக் கணக்கில் அடிமைகளும் சேர்த்தி. அதாவது, தப்பித்தவன் தன் விலையைத் தானே எசமானுக்குக் கட்ட வேண்டும். இப்படியொரு கணக்கை எந்தக் கந்துவட்டிக்காரனும் எழுதியிருக்கமாட்டான்.

1838இல் 9 கோடியாகக் குறைத்தார்களாம், பெருந்தன்மை! முதல் தவணைக்கே பிரெஞ்சு வங்கிகளிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. அசலும் வட்டியும் அதற்குப் பட்ட கடன்களுமாக அடைத்து முடித்தபோது ஆண்டு 1947.

நமக்குச் சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டு.