தோசாய் தடத்துப் பிளாட்பாரங்கள்: ஒரு வசந்த காலக் குறிப்பு

ஏப்ரல் 15, 2024, திங்கள்

இன்று அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனால் போதும் என்பதால் பதினோரு மணிக்கு மேல்தான் நிஷி-கசாய் ஸ்டேஷனுக்குப் போனேன். தோக்கியோவின் தோசாய் மெட்ரோ தடத்தில் நான் தினமும் ஏறும் ஸ்டேஷன் இது. காலைக் கூட்டத்தில் தலைக்கு மேல் தலை. எதையும் நின்று பார்க்க முடியாது. இந்த நேரத்தில் ஸ்டேஷன் முழுசாகக் கண்ணில் படுகிறது.

அமைப்பு ரொம்ப எளிது. தூண்கள் மேல் உயர்த்திய பாலத்தில் நடுவே இரண்டு தண்டவாளம், இரு ஓரங்களிலும் ஒவ்வொரு பிளாட்பாரம். தோக்கியோ நகருக்குள் போகிறவர்கள் ஒரு பக்கம், கிழக்கே பக்கத்து மாகாணமான சிபா பக்கம் போகிறவர்கள் எதிர்ப்பக்கம். எந்தப் பக்கம் என்று படியேறும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அந்த இரண்டே தண்டவாளத்தில்தான் எல்லா ரயிலும் ஓட வேண்டும், நிற்பதும் நிற்காததும். நான் மேலே போன நேரத்தில் ரேபிட் ஒன்று, அதாவது சில ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கும் ரயில், நிற்காமல் கடந்தது. தரைக்கு மேலே ஓடும் இந்தப் பகுதியில் தோசாய் ரயில்களின் உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ. பத்துப் பெட்டியும் போய் முடியும்வரை பேச்சு கேட்காது.

தோசாய் தடம் 1969 மார்ச் 29 அன்று தோயோச்சோவிலிருந்து நிஷி-ஃபுனபாஷி வரை நீண்டபோது இந்த ஸ்டேஷனே கிடையாது. ரயில்கள் நேராக கசாய் போய்த்தான் நின்றன. நிஷி-கசாய் திறந்தது 1979 அக்டோபர் 1. ஓடிக்கொண்டிருக்கும் தடத்தில் புதிதாக ஒரு ஸ்டேஷனைச் செருக வேண்டுமென்றால், தண்டவாளத்தைத் தொடாமல் இரு பக்கமும் பிளாட்பாரம் கட்டுவதுதான் சுலபமான வழி. 1981-ல் வந்த மினாமி-கியோதோகுவும் அதே அமைப்புதான். பின்னால் சேர்ந்த ஸ்டேஷன் என்பதை அதன் உருவமே சொல்லிவிடுகிறது.

இங்கே இவ்வளவு இந்தியர்கள் குடியிருப்பதற்கும் இந்தத் தடம்தான் காரணம். 2000-ஐ ஒட்டிக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்களுக்கு அலுவலகம் கயாபாச்சோ, நிஹொன்பாஷி, ஓதேமாச்சி பக்கம். மூன்றுமே தோசாய் ஸ்டேஷன்கள். ஆற்றைத் தாண்டினால் வாடகை குறைவு. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்து, இன்று தோசை மாவும் கறிவேப்பிலையும் தேடி அலைய வேண்டியதில்லை.

ஏப்ரல் 17, புதன்

மதியம் உராயாசுவில் ஒரு வேலை. திரும்பும்போது லோக்கலில் ஏறினேன். கசாயில் நின்றது, கதவு திறந்தது, அப்படியே நின்றது. ரேபிட் கடந்து போகட்டும் என்று காத்திருக்கிறது.

எனக்குத் தெரிந்து இந்தத் தடத்தில் கவனித்துப் பார்க்க வேண்டிய ஸ்டேஷன் கசாய்தான். இங்கே நான்கு தண்டவாளம். ஆனால் பிளாட்பாரம் வெளிப்புறம் இருக்கும் இரண்டுக்கு மட்டுமே. நடுவிலுள்ள இரண்டும் கடந்து போவதற்கு மட்டும். அவற்றை ஒட்டி நிற்க இடமே இல்லை. லோக்கல் ஓரம் ஒதுங்குகிறது, ரேபிட் நடுவில் பாய்கிறது. லோக்கலின் கதவருகே நின்றால் எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக அது போவது தெரியும். கையை நீட்டினால் தொடும் தூரம்தான், ஆனால் அதில் ஏற வழியில்லை.

மற்ற பல தனியார் தடங்களில் நான் பார்த்த ஏற்பாடு வேறு. நடுவில் பிளாட்பாரம் இருக்கும். ஒரு பக்கம் லோக்கல், மறுபக்கம் ரேபிட். இறங்கி நாலு எட்டு வைத்து மாறிக்கொள்ளலாம். கசாயில் அந்த ஏற்பாடு இல்லாததற்கு 1969-ஐத்தான் பார்க்க வேண்டும். அன்று இந்தப் பக்கம் வயலும் சதுப்பும்தான். கடலோரத்தில் நோரி என்ற உண்ணும் கடற்பாசியை வளர்த்து வாழ்ந்த ஊர். தோசாய் இங்கே போடப்பட்டது முக்கியமாக, சிபாவிலிருந்து நகருக்கு வரும் இன்னொரு தடமான, பிதுங்கிக்கொண்டிருந்த சோபுவின் சுமையைக் குறைக்க, சிபாக்காரர்களைச் சீக்கிரம் நகருக்குள் கொண்டுபோக. கசாய் என்பது கடந்து போக வேண்டிய இடம். அதற்கேற்ற பிளாட்பாரத்தைக் கட்டினார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஊர் பின்னால் வந்தது.

ஏப்ரல் 21, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் வீடு தேடுகிறார். வேலை ஓதேமாச்சியில். “அண்ணா, கசாயில் பார்க்கவா, மினாமி-கியோதோகுவில் பார்க்கவா? ரெண்டு ஸ்டேஷன்தானே வித்தியாசம்?” என்றார்.

வரைபடத்தில் கசாய், உராயாசு, மினாமி-கியோதோகு என்று அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. ஆனால் பகல் நேரத்தில் மினாமி-கியோதோகுவில் ஏறுகிறவர் கசாயில் ரயிலுக்குள் உட்கார்ந்து காத்திருக்க நேரும். கசாய்க்காரருக்கு அதே காத்திருப்பு லாபம்: ரயில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும், ஓடிவந்து ஏறிவிடலாம். ஒரே தண்டவாள அமைப்பு ஒருவருக்கு நேரத்தைத் தின்கிறது, இன்னொருவருக்குக் கொடுக்கிறது. காலை உச்ச நேரத்தில் இந்தக் கணக்கு மாறும். அப்போது நகரை நோக்கி ஓடுவது ‘சூகின் கைசோகு’, அதாவது அலுவலக நேர ரேபிட். அது நிஷி-ஃபுனபாஷியில் கிளம்பி உராயாசு வரை இடையில் எங்கும் நிற்காது. உராயாசுவுக்குப் பிறகு எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். அதனால் கசாயில் முந்துவதற்கு வேலையே இல்லை.

தம்பி எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டார். பிறகு கசாய் ஸ்டேஷனின் பாலத்தடியிலேயே இருக்கும் சிக்காதெத்சு ஹகுபுட்சுகானுக்குக் கூட்டிப்போனேன், அதாவது சுரங்க ரயில் அருங்காட்சியகம். 1986-ல் திறந்தது. 1927-ல் உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையே ஓடிய மஞ்சள் நிற 1001-ம் எண் பெட்டி அங்கே நிற்கிறது. மேலே தோசாய் ரயில் போகும்போதெல்லாம் கூரை லேசாக உறுமுகிறது.

ஏப்ரல் 27, சனி

தம்பியோடு மியோதென், அங்கிருந்து நிஷி-ஃபுனபாஷி.

மியோதென் 2000 ஜனவரி 22-ல் திறந்தது. தோசாய் தடத்தின் 23 ஸ்டேஷன்களில் கடைசியாகச் சேர்ந்தது. இரண்டு அகலமான பிளாட்பாரம், நான்கு தண்டவாளம், எல்லாவற்றுக்கும் ஏறி இறங்க இடம் உண்டு. பக்கத்திலேயே ரயில்களை நிறுத்தும் கூடம். அதனால் காலையில் இங்கிருந்தே காலியாகப் புறப்படும் ரயில்கள் இருக்கின்றன. வரிசையில் பொறுமையாக நின்றால் உட்கார்ந்து போகலாம். தூரம் கூடினாலும் உட்கார இடம் கிடைக்கிறது என்பதற்காகவே இங்கே வீடு எடுப்பவர்கள் உண்டு. தம்பியின் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது.

நிஷி-ஃபுனபாஷி வேறு உலகம். தோசாய்க்கு 5 முதல் 8 வரை நான்கு எண்கள். பக்கத்தில் இணையாக ஜேஆர் என்ற ரயில் நிறுவனத்தின் சோபு தடம். இவை எல்லாவற்றுக்கும் மேலே குறுக்காக முசாஷினோ தடம், 9 முதல் 12. தோசாயின் கிழக்கு முனை இதுதான், ஆனால் எல்லா ரயிலும் இங்கே முடிவதில்லை. சில தோயோ ரேபிட் தடத்துக்குள் நுழைந்து தோயோ-கட்சுதாதாய் வரை போகின்றன (அந்தத் தடம் 1996-ல் திறந்தது), காலை மாலையில் சில சோபு தடத்துக்குள் நுழைந்து த்சுதானுமா வரை. ஒரே பிளாட்பாரத்தில் மூன்று நிறுவனங்களின் ரயில்கள் மாறி மாறி வந்து நிற்கும். கதவுகளின் இடமும் அகலமும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. 2010-ல் தோசாய்க்கென்றே வந்த 15000 வரிசைப் பெட்டிகளில் கதவின் அகலம் 1.8 மீட்டர், வழக்கமான கதவைவிட அரை மீட்டர் அதிகம். ஏறி இறங்கும் நேரத்தைச் சில நொடிகள் குறைப்பதற்காக. பிளாட்பாரத்தில் தடுப்புக் கதவு வைக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. எல்லா வகைப் பெட்டிக்கும் பொருந்தும்படி அகலமாகத் திறக்கும் கதவுகளைத் தனியாகச் செய்துதான் இந்தத் தடத்தில் வைக்க முடிந்தது.

முசாஷினோ பிளாட்பாரத்தில் தம்பியைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். விளிம்பை ஒட்டி ஓடும் மஞ்சள் ஓட்டில் குமிழ் குமிழாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் நீளமாக ஒரு மேடு. அந்த மேடு இருக்கும் பக்கம் பிளாட்பாரத்தின் உட்புறம், மறுபக்கம் பள்ளம். இருபுறமும் தண்டவாளம் இருக்கும் பிளாட்பாரத்தில் பார்வையில்லாதவர் புள்ளிகளை மட்டும் மிதித்தால் ஆபத்து எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்த ஒற்றை மேடுதான் சொல்லும். இந்த வகை ஓட்டைக் கண்டுபிடித்தவர் மியாகே செய்இச்சி. முதலில் பதித்தது 1967-ல், ஒகாயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே தெருவில். மேட்டுக்கோடு பல ஆண்டுகள் கழித்து வந்தது. ஒரு விரல் அகலம்கூட இல்லாத அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், இதை யோசித்தவர்களை மனதுக்குள் கும்பிடுகிறேன்.

மே 11, சனி

இன்றும் நாளையும் தோயோச்சோவுக்கும் நிஷி-கசாய்க்கும் இடையே ரயிலே கிடையாது. மினாமி-சுனாமாச்சியில் தண்டவாளத்தை இடம் மாற்றுகிறார்கள். வாரக்கணக்கில் எல்லா ஸ்டேஷனிலும் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

நகருக்குள் போயே ஆக வேண்டும். பேருந்து பிடித்து ஃபுனபோரி போய், தோயேய் ஷின்ஜுகு தடத்தில் ஏறினேன். வழக்கமாகத் தெற்கே ஒரு பாலத்தில் கடக்கும் அரகாவா ஆற்றை இன்று வடக்கே இன்னொரு பாலத்தில் கடந்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பாட்டி, கையில் மடித்த அறிவிப்புத் தாள். என்னிடம் காட்டி, “திங்கட்கிழமை ஓடும் இல்லையா?” என்று கேட்டார். ஓடும் பாட்டி என்றேன்.

மே 14, செவ்வாய்

ஓடுகிறது. ரயில் மினாமி-சுனாமாச்சியை நெருங்கும்போது எல்லோர் கண்ணும் ஜன்னலுக்குப் போகிறது.

இந்த ஸ்டேஷனில் ஆதியில் நடுவில் ஒரே பிளாட்பாரம், இருபுறமும் ஒவ்வொரு தண்டவாளம். நகரை நோக்கி வரும் ரயில் தரைக்கடியில் இறங்கியதும் நிற்கும் முதல் இடம். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிக் கூட்டம் பெருகியபோது இங்கே ஒரு ரயிலில் ஏற நேரம் கூடினால், பின்னால் வரும் ரயில் பாலத்தின் மேலேயே நின்றது. அதன் பின்னால் வருவதும் நின்றது. கொரோனாவுக்கு முன்பு, 2019 நிதியாண்டில், கிபாவிலிருந்து மொன்சென்-நகாச்சோ வரையிலான துண்டில் காலை நெரிசல் 199 சதவீதம், அதாவது ரயிலின் கொள்ளளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கூட்டம். நாட்டிலேயே மிக மோசமான இடங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு வீட்டிலிருந்து வேலை வந்து 123 ஆகச் சரிந்தது. பிறகு மறுபடி ஏறுகிறது.

வேலை முடியும்போது இங்கே இரண்டு பிளாட்பாரமும் மூன்று தண்டவாளமும் இருக்கும். நகரை நோக்கி வரும் ரயில்கள் ஒன்று விட்டு ஒன்றாக வெவ்வேறு தண்டவாளத்தில் நுழையும். முன்னால் வந்தது கதவை மூடாமல் நின்றாலும் அடுத்தது உள்ளே வந்துவிடலாம். கேட்க எளிது. ஆனால் தினமும் அதிகாலையிலிருந்து நள்ளிரவுவரை ரயில் ஓடும் சுரங்கத்தை, ஓட்டத்தை நிறுத்தாமல் பக்கவாட்டில் தோண்டி அகலப்படுத்த வேண்டும். இரவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்தாண்டுக்கும் மேலாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு தண்டவாளத்தைச் சில மீட்டர் நகர்த்த ஒரு சனி, ஞாயிறு. இந்தப் பொறுமைக்கு நான் அடிமை.

மே 28, செவ்வாய்

காற்றும் மழையும். பாலத்தில் ரயில் மெதுவாக ஊர்ந்தது. அரகாவாவையும் நகாகாவாவையும் சேர்த்துத் தாண்டும் இந்தப் பாலம் ஒரு கிலோமீட்டருக்கும் நீளம், மறைப்பு எதுவும் இல்லை. 1978 பிப்ரவரி 28 இரவு சூறைக்காற்று ஒன்று ஓடும் தோசாய் ரயிலின் கடைசி இரண்டு பெட்டிகளை இதே பாலத்தில் கவிழ்த்தது. பலர் காயமடைந்தனர். மெதுவாகப் போகட்டும். யாரும் முணுமுணுக்கவில்லை.

ஜூன் 3, திங்கள்

தம்பி கடைசியில் மியோதெனில் வீடு எடுத்துவிட்டார். இன்று அங்கிருந்து அவருக்கு முதல் காலை. நேற்று இரவே கேட்டிருந்தார், எந்தப் பெட்டியில் ஏறினால் ஓதேமாச்சியில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இறங்கலாம் என்று.

சுவரைப் பாருங்கள் என்றேன். தோக்கியோ சுரங்க ரயில் பிளாட்பாரத் தூண்களிலும் சுவர்களிலும் ஒரு நீளமான அட்டவணை உண்டு: ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எந்தப் பெட்டிக்கு நேரே படி, எதற்கு நேரே மின்தூக்கி, எதற்கு நேரே வேறு தடத்துக்கு மாறும் வழி. இதை உருவாக்கியது ரயில் நிறுவனம் அல்ல. ஃபுகுய் யசுயோ என்ற பெண்மணி. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு படியில்லாத வழி தேடிப் பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து களைத்தவர். 1990-களில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்க் குறிப்பெடுத்து, அந்த அட்டவணையை நிறுவனங்களிடம் கொண்டுபோனார். பிளாட்பாரத்தைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

எட்டு மணிக்குத் தம்பியிடமிருந்து தகவல் வந்தது: “அண்ணா, ரெண்டு வரிசை இருக்கு. எதுல நிக்க?”

“தூரத்துலேர்ந்து வர்ற ரயிலுக்கு ஒண்ணு, அங்கேயே கிளம்புறதுக்கு ஒண்ணு. தரையில எழுதியிருக்கும் பாருங்க. கிளம்புறதுல நில்லுங்க.”

பத்து நிமிடம் கழித்து: “உட்கார்ந்துட்டேன்.”

நான் அப்போது நிஷி-கசாய் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்து வந்த ரயில் மியோதெனில் கிளம்பியது. இருக்கை எல்லாம் நிரம்பியிருந்தது. கதவோரம் ஒதுங்கி நின்றுகொண்டேன்.